ஆறாவது சிம்பொனியின் மூன்றாவது அடி

மைசூர் சரஸ்வதிபுரத்தில் குடியிருக்கும் ஸ்ரீவத்ஸனுக்கு குஸ்தாவ் மாலரின் ஒன்பது சிம்பொனிகளும் தெரியும். ஒவ்வொன்றிலும் முதல் பன்னிரண்டு நிமிடங்கள் தெரியும். பதின்மூன்றாவது நிமிடத்தில் அவர் தூங்கிவிடுவார்.

இதற்காக அவரை வைவது நியாயமாகாது. நூறு வருடங்களுக்கு முன்பு வியன்னாவில் மறைந்த அந்த இசைமேதை எதையும் சுருக்கமாகச் சொல்லி அறியாதவர். அவருடைய சிம்பொனிகளில் சிறியது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். பெரியது ஒன்றே முக்கால் மணி நேரத்தை விழுங்கும். அதைக் கேட்பதற்கென்று ஸ்ரீவத்ஸன் வைத்திருந்த இருக்கையோ, ரயில்வே ஓய்வு விடுதி ஒன்றிலிருந்து அவர் ஏலத்தில் எடுத்த தேக்குச் சாய்வு நாற்காலி. பிரம்புப் பின்னல். கைப்பிடிகளுக்கு அடியிலிருந்து இரண்டு நீளக் கட்டைகள் வெளியே திரும்பும். அவற்றின்மேல் காலைத் தூக்கிப் போட்டுவிட்டால், எமன் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மனிதன் பதில் சொல்ல மாட்டான். கூடத்தில் பாதி அந்த நாற்காலிக்கு. மீதிப் பாதியில் கனகலக்ஷ்மி இருபத்தாறு வருடங்களாகக் குடித்தனம் நடத்தி வந்தார். அந்தக் கட்டைகள் இடித்து அவர் முழங்காலில் விழுந்த காயங்களை வரிசைப்படுத்தினால் ஒரு வாழ்க்கை வரலாறு தேறும்.

"ஏன்னா, இந்த நாற்காலியை யாருக்காவது குடுத்துடலாமே?"

"இதுல உக்காந்தாதான் கனகு எனக்குக் காது திறக்கறது."

"கண்ணு மூடறது. அதை நான் பார்த்திண்டே இருக்கேன்."

ஆழ்ந்து கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள் என்று ஸ்ரீவத்ஸன் விளக்குவார். ஆழ்ந்து கேட்பவர்கள் குறட்டையும் விடுவார்களா என்று கனகலக்ஷ்மி கேட்பார். இருபத்தாறு வருடங்களாக இந்த விவாதம் இதே இடத்தில் நின்றது.

ஸ்ரீவத்ஸன் அங்கம் வகித்த ஞாயிறு இசை வட்டத்தில் மொத்தம் நான்கு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். மாதம் ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவார்கள். தலைவர் டாக்டர் பாலசந்திரன், காது மூக்கு தொண்டை நிபுணர். மைசூரின் பாதி டான்சில்களை அகற்றியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்தவர் பசவராஜ், கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். மூன்றாமவர் வங்கியில் மேலாளராக இருந்த இராமச்சந்திரன். யார் என்ன சொன்னாலும் தலையசைத்தே பதவி உயர்வு பெற்றவர், இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்த மாதம் டாக்டர் வீட்டில் கூடியபோது அவர் ஒரு செய்தி சொன்னார். மகள் மேகனாவோடு இருக்க அவர் மெல்போர்னுக்குப் போகிறார். திரும்பி வருவதாக இல்லை.

மூவரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே மூவருடைய கண்களும் கூடத்தின் மூலைக்குப் போயின. அங்கே டாக்டரின் ரெக்கார்டு ப்ளேயர் இருந்தது. இரு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். பின்னால் அலமாரி நிறைய எண்ணூறு இசைத்தட்டுகள். ஸ்ரீவத்ஸன் அதைப் பார்த்ததுபோலப் பெண் பார்க்கப் போனபோதுகூட கனகலக்ஷ்மியைப் பார்த்திருக்க மாட்டார்.

"இதை எடுத்துண்டு போக முடியாது," என்றார் டாக்டர். "நம்மள்ள ஒருத்தருக்குத்தான். நாலு பேரும் மாலர்தான் உயிர்னு சொல்லிண்டு திரியறோம். சொல்லுங்கோ, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சிம்பொனி எது? ஒண்ணே ஒண்ணு. ஏன் பிடிக்கும்? நிஜமா கேட்டவா ஆத்துக்கு இது போகும். நான் காது டாக்டர். எனக்குத் தெரிஞ்சுடும்."

இராமச்சந்திரன் இரண்டாவது என்றார். அதில் கோரஸ் வரும் இடம் பிரமாதம் என்றார்.

"கோரஸ் எப்ப வரும்?"

"வரும் டாக்டர்," என்று இராமச்சந்திரன் தலையசைத்தார். "கண்டிப்பா வரும்."

பசவராஜ் ஒன்பதாவது என்றார். "முடியற எடத்துல அப்படியே தேஞ்சு தேஞ்சு போகும் ஸ்வாமி. உயிர் பிரியற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அழுதுடுவேன்."

டாக்டர் அதை ரசித்தார். அடுத்தது ஸ்ரீவத்ஸனின் முறை. எதைச் சொல்வது? ஒன்பது தொடக்கங்கள் அவருக்குத் தெரியும். ஆனால் முடிவைக் கேட்டது ஒரே ஒரு சிம்பொனியில்தான். ஆறாவது. காரணம் எளிது. அதன் கடைசிப் பகுதியில் 'டொம்' என்று ஓர் அடி விழும். அதில் அவர் விழித்துக்கொள்வார். மிச்சமிருக்கும் சில நிமிடங்களைத் தெளிவாகக் கேட்பார். மனிதன் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதெல்லாம் பேச்சு. தெரிந்த ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறான்.

"ஆறாவது," என்றார் கம்பீரமாக. "அந்தச் சம்மட்டி அடி இருக்கே டாக்டர். பெரிய மரச் சம்மட்டியால ஒரு பெட்டி மேல ஓங்கி அடிப்பா. விதி ஒரு மனுஷனை மூணு தடவை அடிக்கறது. மூணாவதுல அவன் விழுந்துடறான். அந்த மூணாவது அடி ஒவ்வொரு தடவையும் என்னை உலுக்கி எழுப்பிடும்."

இது, அவர் வாழ்நாளில் மாலரைப் பற்றிச் சொன்ன ஒரே கலப்படமற்ற உண்மை.

பசவராஜ் நிமிர்ந்தார். "மூணாவதா? ஏன்ரீ, மூணாவது எங்க இருக்கு? மாலரே பயந்துபோய் அதைப் பிற்பாடு எடுத்துட்டார். என்கிட்ட இருக்கிற எல்லா ரெக்கார்டுலயும் ரெண்டுதான்."

"உங்க ரெக்கார்டுல இல்லேன்னா நான் என்ன பண்ணட்டும்? என்னோட சிடில இருக்கு. இருபத்தாறு வருஷமா கேக்கறேன்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "சில இசைக்குழு நடத்துநர்கள் அதைத் திரும்பச் சேர்த்துடுவா. ரொம்ப அபூர்வம். அடுத்த கூட்டம் உங்க முறைதானே? அடுத்த ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம். நான் கிளம்பறதுக்குள்ள அந்த மூணாவதைக் கேட்டுடணும். அது இருந்தா ப்ளேயர் உங்களுக்கு."

ஸ்ரீவத்ஸன் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

வியாழக்கிழமை காலை கனகலக்ஷ்மி தேவராஜ மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ஒத்திகைக்காக அவர் ஆறாவதின் கடைசிப் பகுதியை மட்டும் போட்டு, நின்றுகொண்டே கேட்டார். முதல் அடி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். இசை எரிந்து, அணைந்து, முணுமுணுத்து, கடைசியில் ஒரு பேரிடியோடு முடிந்தது. மூன்றாவது அடி விழவில்லை.

மறுபடி போட்டார். விழவில்லை. சிடியைப் பனியனில் துடைத்துவிட்டுப் போட்டார். விழவில்லை. நான்காவது முறை போட்டுக்கொண்டிருந்தபோது கனகலக்ஷ்மி வாழைப்பழத் தாரோடு உள்ளே வந்தார்.

"கனகு, சிடி கெட்டுப் போச்சு."

"என்ன ஆச்சு?"

"கடைசில டொம்முனு ஒரு அடி விழுமே. விழலை."

"எப்படி விழும்? நான் மார்க்கெட்லன்னா இருந்தேன்."

"நீ மார்க்கெட்ல இருந்தா சிடிக்கு என்ன வந்தது?"

கனகலக்ஷ்மி தாரைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த டொம்மு நான்தான்."

ஸ்ரீவத்ஸன் நாற்காலியின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் வருஷம் இதைப் போட்டேளே, ஞாபகம் இருக்கா? கடைசில ஒரு பேரிடி இடிக்கும். நன்னாத் தூங்கிண்டிருந்தேள். அந்தச் சத்தத்துல தூக்கி வாரிப்போட்டு நாற்காலியோட குடை சாஞ்சேள். கழுத்து சுளுக்கிண்டு பதினஞ்சு நாள் ஒரே பக்கமாப் பார்த்திண்டு ஆபீஸ் போனேள். அன்னிலேர்ந்து, அந்த இடி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நானே மெள்ள எழுப்பிடறேன். சமையலுள்ள அந்தப் பலாமர மணையைத் தூக்கித் தரையில போடுவேன். முழிச்சிண்டு, 'கனகு, காபி ஆச்சா'ம்பேள். அப்புறம் இடி வந்தா உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."

"எந்த மணை?"

"நம்ம கல்யாணத்துல உக்காந்தோமே, அதான்."

ஸ்ரீவத்ஸன் ஒரு கணம் கல்யாண நாளுக்கே போய்விட்டார். மறுகணம் ப்ளேயர் நினைவுக்கு வந்து திரும்பிவிட்டார்.

"அது சரி. கரெக்டா அந்த இடத்துல போடணும்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கேட்டா தெரியாதா? முன்னாடி ரெண்டு தடவை அடிக்கறான். மூணாவது தடவையும் அதே மாதிரி ஏறி வர்றது. எல்லாரும் கையை ஓங்கிண்டு நிக்கறா. அடி மட்டும் விழலை. அங்க ஒரு இடம் காலியா இருக்கு. உங்க மாலர் எனக்குன்னு விட்டு வச்சிருக்கார்னு நெனச்சிண்டேன்."

"நீ முழுசாக் கேப்பியா?"

"நீங்க சத்தமா வச்சுட்டுத் தூங்கினா, முழிச்சிண்டிருக்கறவ கேக்காம காதைக் கழட்டியா வைக்க முடியும்? மூணாம் நம்பர் போட்டேள்னா ஒரு பலாப்பழம் முழுசா உரிச்சுடலாம். நாலுன்னா சாம்பாரும் கறியும் ஆயிடும். இந்த ஆறுல நடுவுல மாட்டு மணி வரும். முதல் தடவை மாடு வந்துடுத்துன்னு பழத்தோலை எடுத்துண்டு வாசலுக்கு ஓடினேன்."

மாட்டு மணி வருமென்பதே ஸ்ரீவத்ஸனுக்குச் செய்தி. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். டாக்டர், ப்ளேயர், பசவராஜின் ஏளனம், ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக, ரயில்வேயில் அதிகாரியாக இருந்தபோது தொழிற்சங்கத் தலைவர்களிடம் மட்டும் பயன்படுத்திய குரலில், "ஞாயித்துக்கிழமையும் நீ போட்டுடணும் கனகு," என்றார்.

"போடறேன். நாற்காலி போகணும்."

"உயிர் போனாலும் நாற்காலி போகாது."

கனகலக்ஷ்மி வற்புறுத்தவில்லை. அதுவே எச்சரிக்கை. ஸ்ரீவத்ஸன் அதைக் கவனிக்கவில்லை.

"சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க தூங்கக் கூடாது. தூங்கினேள்னா நாற்காலி அன்னிக்கே போகும்."

ஸ்ரீவத்ஸன் வாய்விட்டுச் சிரித்தார். மானம் போகிற நாளில், மூன்று பேர் எதிரில், அபூர்வமான பொருள் ஒன்று கைக்கு வரவிருக்கும் நேரத்தில் எந்த மடையன் தூங்குவான்? "சத்தியம்," என்று கையில் அடித்துக் கொடுத்தார். எப்பேர்ப்பட்ட பேச்சுவார்த்தை! கொடுத்தது ஒன்றுமில்லை, வாங்கியது எல்லாம்.

"அப்புறம்," என்றார் கனகலக்ஷ்மி, "வர்றவாளை வெறும் காபியோட அனுப்ப வேண்டாம். டாக்டர் ஊரை விட்டே போறார். சாப்பிட வரச் சொல்லுங்கோ."

இப்படியும் ஒரு மனைவி அமைவாளா என்று ஸ்ரீவத்ஸன் நெகிழ்ந்தார்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு இலை போட்டாயிற்று. நெய் மிதக்கும் பிஸிபேளேபாத். அதற்குத் தொட்டுக்கொள்ள வறுவல். சுடச்சுடத் தேங்காய் ஒப்பட்டு என்கிற போளி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரண்டி நெய். கடைசியில் கெட்டித் தயிர்சாதம்.

"போதும்மா, போதும்," என்று டாக்டர் இலையைக் கையால் மறைத்தார்.

"நீங்க மெல்போர்ன்ல ஒப்பட்டுக்கு எங்க போவேள் டாக்டர்? இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"எனக்கு ஸாகு தாயி, ஸாகு," என்று பசவராஜ் கெஞ்சினார். போதும் என்று இரண்டு முறை சொன்ன குற்றத்துக்கு அவருக்கு இரண்டு விழுந்தன.

"ஏன்னா, உங்களுக்கு?"

"வேண்டாம் கனகு, நான் இன்னிக்கு அளவாத்தான்..."

"சூடு ஆறிடும்," என்றார் கனகலக்ஷ்மி. அது ஒரு வாதமே அல்ல. ஆனாலும் ஸ்ரீவத்ஸன் நான்கு சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு மூவரும் சோபாவில் வரிசையாக அமர்ந்தார்கள். ஸ்ரீவத்ஸன் தன் நாற்காலியில். கனகலக்ஷ்மி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். "வெயில் உறுத்தும்." மின்விசிறியை மூன்றில் வைத்தார். "புழுக்கமா இருக்கு." பிறகு சமையலறைக்குள் போய்விட்டார்.

சிம்பொனி ஒரு போர்ப்படையின் நடையோடு தொடங்கியது. ஸ்ரீவத்ஸன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடம். எட்டாவது. பக்கத்தில் இராமச்சந்திரனின் தலை ஆடியது; வழக்கம்போல ஆமோதிக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணினார். அது திரும்ப மேலே வரவில்லை. பத்தாவது நிமிடத்தில் பசவராஜின் தாடை அவர் மார்பில் இறங்கியது. ஸ்ரீவத்ஸனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒன்பதாவதில் ஒவ்வொரு தடவையும் அழுகிறவராம்! எந்தக் கனவில் அழுகிறாரோ! தான் மட்டும் விழித்திருக்கும் பெருமையில் அவர் காலைக் கட்டைகளின்மேல் மெல்லத் தூக்கிப் போட்டார். கண்ணைச் சும்மா மூடிக்கொண்டார். ஆழ்ந்து கேட்பதற்காக.

டொம்!

தலைகள் ஒரே நொடியில் நிமிர்ந்தன.

"ஆஹா!" என்று முதலில் கத்தியவர் பசவராஜ். "மூணாவது! கேட்டீங்களா? மூணாவது!"

"என்ன ஒரு அடி!" என்று இராமச்சந்திரன் தலையசைத்தார்.

ஸ்ரீவத்ஸனின் நாக்கு நுனிவரை "காபி" வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நான் சொல்லலை?" என்றார். இசை தணிந்து தணிந்து போய், கடைசிப் பேரிடி இடித்தது. யாரும் அசையவில்லை. எல்லோரும் அப்போது நன்றாக விழித்திருந்தார்கள்.

டாக்டர் எழுந்து ஸ்ரீவத்ஸனின் கையைக் குலுக்கினார். "ப்ளேயர் இந்த ஆத்துக்குத்தான். சந்தேகமே இல்லை." ஏனோ அதைச் சொன்னபோது அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். காபி வருகிறதா என்று பார்க்கிறார் என ஸ்ரீவத்ஸன் நினைத்துக்கொண்டார்.

விருந்தினர் போனதும் அவர் கூடத்தின் நடுவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பார்த்தியா கனகு? ப்ளேயரும் வந்தாச்சு. நாற்காலியும் இருக்கு."

கனகலக்ஷ்மி கைகளைத் துடைத்துக்கொண்டார். கைபேசியை நீட்டினார்.

படத்தில் அவரே நடுநாயகமாக இருந்தார். கால்கள் கட்டைகளின்மேல். கைகள் தொங்குகின்றன. வாய் திறந்திருந்த அளவுக்கு டாக்டர் அதில் டான்சிலே எடுத்திருக்கலாம். அருகே பசவராஜ், இராமச்சந்திரனின் தோளைத் தலையணையாக்கியிருந்தார்.

"அவாளும் தூங்கியிருக்கா!" என்று ஸ்ரீவத்ஸன் அலறினார். "அப்புறம் எப்படி மூணாவதுன்னு சொன்னா? முதல் ரெண்டை யாருமே கேக்கலையே!"

"அதை அவாகிட்ட நீங்க எப்படிக் கேப்பேள்?"

அவர் மீண்டும் படத்தைப் பார்த்தார். அப்போதுதான் சோபாவின் ஓரத்தில் இருந்த டாக்டரைக் கவனித்தார். டாக்டர் தூங்கவில்லை. உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, படமெடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு மாதம்மாவின் மகன்கள் இருவர் வந்து சாய்வு நாற்காலியைத் தூக்கிப் போய்த் தங்கள் மொட்டை மாடியில் போட்டார்கள். அது வாசற்படியில் இடித்துக்கொண்டு போனபோது ஸ்ரீவத்ஸன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

புதன்கிழமை ப்ளேயர் வந்தது. ஸ்பீக்கர்களும் அலமாரியும் நாற்காலி இருந்த இடத்தில், அளவெடுத்ததுபோலப் பொருந்தின. கனகலக்ஷ்மி அளவெடுத்திருந்தார். அளக்கும் டேப்பை எங்கே வைத்தோம் என்று முந்தின வெள்ளிக்கிழமை முழுவதும் ஸ்ரீவத்ஸன் தேடியதன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஸ்பீக்கரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டரின் கையெழுத்து:

'திருமதி கனகலக்ஷ்மி அவர்களுக்கு. மூன்றாவது அடி இரண்டு நொடி தாமதம். மற்றபடி அப்பழுக்கில்லை.'

"ரெண்டு நொடியா?" என்று கனகலக்ஷ்மி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்கள்லாம் தூங்கினப்போ அவர்தான் சமையலுள்ள வந்து ஒப்பட்டு சாப்ட்டுட்டு, தட்டைக் குறுக்க வச்சுட்டுப் போனார். அதைத் தாண்டிண்டுன்னா மணையை எடுத்தேன்."

அன்று பிற்பகல் ஸ்ரீவத்ஸன் முக்காலியில் உட்கார்ந்து ஆறாவதைப் போட்டார். முக்காலிக்கு முதுகு கிடையாது. சாய்ந்தால் தரைதான். இசைத்தட்டையோ அடிக்கடி எழுந்து திருப்ப வேண்டியிருந்தது. பதின்மூன்றாவது நிமிடம் என்ற ஒன்று மாலரில் இருப்பதை அவர் முதன்முதலாகக் கண்டார். பதினான்காவதும் இருந்தது. மாட்டு மணி வந்தது. சிரித்துவிட்டார். யாரும் சொல்லாமலே, இவ்வளவு அழகான ஒன்றை அடுத்த அறையில் ஒருத்தி இத்தனை வருடம் தனியாகக் கேட்டிருக்கிறாள் என்று தோன்றியபோது சிரிப்பு நின்றது.

கடைசிப் பகுதி. முதல் அடி. இரண்டாவது. பிறகு எல்லாம் ஏறி வந்தது. எல்லோரும் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். அந்தக் காலி இடம் வந்தது. கனகு சொன்ன அதே இடம். ஸ்ரீவத்ஸன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

ஒன்றும் விழவில்லை.

பேரிடி இடித்து, இசைத்தட்டு சுழன்று நின்றபின் அவர் மெல்லப் போய்ச் சமையலறை வாசலில் நின்றார். மணை சுவரோரம் சாத்தியிருந்தது. கனகலக்ஷ்மி காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் கனகு, இன்னிக்கு அடிக்கலையே?"

"நீங்கதான் முழிச்சிண்டிருந்தேளே," என்று டம்ளரை நீட்டினார் கனகலக்ஷ்மி. "அப்புறம் எதுக்கு?"